ஆறு மணிச் செபமும் ஒரு கோலும்

எங்கள் தெருமுனை மன்றத்துக் கரும்பலகையில் வருடத்துக்கு ஒரு நாள் என் மானம் போகும். மற்ற நாட்களில் அது நல்ல பலகைதான். தினமும் காலையில் மூன்று வரி இருக்கும்: இன்று எந்தப் புனிதரின் திருநாள், எந்த ஆட்டத்தில் யார் ஜெயித்த நாள், எந்தப் பாடகர் பிறந்த நாள் அல்லது இறந்த நாள். ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு ஷிப்டு போகிறவர்கள் டீயும் கையுமாக நின்று அதைப் படித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

எழுதுகிறவன் என்னோடு கால்பந்து ஆடியவன். அவன் பேக், கோலுக்கு முன்னால் நின்று எதிரணியை மறிக்கிறவன்; நான் கோல்கீப்பர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வியாசர்பாடி அணியோடு ஆடிய இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். அன்றிலிருந்து அந்தத் தேதி வந்தால் ஆட்டத்துக்கான வரியில் அவன் எழுதுவது இதுதான்: ‘இன்று நம் கோல்கீப்பர் கப்பைக் கோட்டை விட்ட நாள்.’ பெயர் போடமாட்டான். போடவும் தேவையில்லை. “இன்னா மாமு, இன்னிக்கு உன் திருநாளாமே?” என்று பால்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை கேட்பார்கள்.

பந்து என் கைக்கு எட்டவேயில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். யார் கேட்டார்கள்? என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளும் அந்தத் தேதியில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா பலகையைப் படித்துவிட்டு வந்து, காபியை வாங்கிக்கொண்டே, “யாருங்க அந்த கோல்கீப்பர்?” என்றார். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவனைச் சும்மா விடுவதில்லை என்று.

சின்னச் சின்னதாகப் பழி வாங்கிப் பார்த்தேன். ஒரு முறை அவன் வதந்தியை நம்பி, உயிரோடு இருந்த ஒரு பின்னணிப் பாடகருக்கு நினைவு நாள் எழுதி, பலகைக்கு மாலையும் போட்டுவிட்டான். சாயங்காலம் அந்தப் பாடகர் டிவியில் நேரலையில் பாடிக்கொண்டிருந்தார். அதை ஒரு வருடம் திருவொற்றியூர் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவனுக்கு உறைக்கவேயில்லை.

ஆனால் என்னிடம் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் செய்வதை அப்படியே விட்டுவிட்டு நின்று செபம் சொல்வார்கள். கரண்டி பிடித்தவர்கள் கரண்டியோடு நிற்பார்கள். அந்த இறுதி ஆட்டம் முடிகிற நேரத்தில் அந்த மணி அடித்தது. எதிரணிக்காரன் பந்தோடு வந்துகொண்டிருக்கிறான். அவனை மறிக்க வேண்டிய எங்கள் பேக், இதே பலகைக்காரன்தான், நெற்றியில் சிலுவை போட்டுக் கண்ணை மூடி நின்றுவிட்டான். அவனைத் தாண்டித்தான் பந்து என்னிடம் வந்தது. எல்லோருடைய கண்ணும் பந்தின் மேல் இருந்ததால் இதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

இதை ஏன் சொல்லவில்லை? என் அம்மா இருந்தவரை, செபம் சொன்னவனைக் குற்றம் சொல்லிவிட்டு வீட்டில் சோறு தின்ன முடியாது. அம்மா போன வருடம் காலமானார். இந்த வருடம் அவனுக்குக் கண்புரை ஆபரேஷன். சாக்பீஸ் தூசு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், மன்றத்துச் செயலாளர் பலகையை என்னிடம் ஒப்படைத்தார். தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கல்யாணத்துக்கு நாள் எண்ணுகிறவன்போல எண்ணினேன்.

அந்தக் காலையில் முத்து முத்தாக எழுதினேன்: ‘இன்று நம் பேக், ஆட்டத்தின் நடுவே கண்ணை மூடி நின்று கப்பைத் தொலைத்த இருபத்தைந்தாம் ஆண்டு. ஆறு மணிச் செபமே சாட்சி.’ எழுதிவிட்டு, எதிர் டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அப்படி ஒரு டீ என் வாழ்க்கையில் நான் குடித்ததில்லை.

முதலில் வந்தது மீன் விற்கும் அம்மா. கூடையை இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்றவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “ஆட்டத்த வுட்டுட்டு செபம் சொன்னானா? தங்கமான புள்ளடா அவன்!” என்றார். எனக்கு டீ கசந்தது. அடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், சாமியாரிடம் சொல்லித் திருவிழா அன்று அவனுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். நான் வெட்டிய குழியில் அவனுக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவனே கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். “மெய்யாலுமே நின்னியா?” என்று மீன்கார அம்மா கேட்டார்.

“மணி அட்ச்சுதே, வேற இன்னா பண்ண சொல்ற?” என்றான்.

உடனே அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீயும் நம்ம கோயிலாண்ட வர்றவன்தானே? மணி அடிக்கசொல்ல நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

நானும் நின்று செபம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்தைந்து வருடத்துப் பழியும் அந்த நிமிடமே கரைந்து போயிருக்கும். பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் திருவிழா மேடையில் இவனோடு தோளோடு தோள் நின்று பொன்னாடை வாங்குவதா? நினைத்ததுமே வயிறு எரிந்தது.

“நான் ஒண்ணும் நிக்கல,” என்று கத்தினேன். “மணி காதுல வுழுந்துச்சு. வுழுந்தும் பாய்ஞ்சேன். பந்து ரெண்டு கையிலயும் பட்டுச்சு. புடிக்கத் தெரியாம வுட்டேன், போதுமா?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். “கையில பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்டா. கண்ண தொறந்தப்போ கிட்டக்க இருந்து பாத்தேன்,” என்றான். “அத்த உன் வாயால கேக்கத்தான் இத்தினி வருஷமா எழுதிகினு கெடந்தேன்.”

ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. ஆபரேஷன் ஆன கண் என்பதால் விட்டுவிட்டேன்.