பிஹோல்டுக்கு என்ன படம் போடுவது?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாம் வகுப்பு படித்தவன் இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி எழுதினால் சிரிக்க மாட்டார்களா? இன்று ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரித்தாலும் பரவாயில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் ஆஃப்செட் மிஷின் ஓட்டினேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் வேலை. அதில் ஒரு வழக்கம் உண்டு. என்ன பெயரோ அதே படம் இருக்க வேண்டும். மயில் என்றால் மயில், ரயில் என்றால் ரயில். லோடு ஏற்றுகிறவர் முதல் கடைக்காரர் வரை படத்தைப் பார்த்துத்தான் பெட்டியை எடுப்பார்கள்.

ஒரு தீபாவளி சீசனில் சென்னை ஏஜென்ட் ஒருவர் புது புஸ்வாணத்துக்குப் பெரிய ஆர்டர் தந்தார். பெயர் ‘பிஹோல்ட்’. வெள்ளிக்கிழமை வருவேன், படம் பிடிக்காவிட்டால் ஆர்டர் பக்கத்து பிரஸ்ஸுக்குப் போகும் என்றார். எங்களிடம் வேறு ஆர்டர் இல்லை. மிஷின் நின்றால் நாங்களும் வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

என் அண்ணன் மனைவி டீச்சர். அவரிடம் அர்த்தம் கேட்டேன்.

“இதோ பார்னு அர்த்தம், கொழுந்தனாரே. ஆனா சும்மா பேசுறப்ப யாரும் சொல்ல மாட்டாக. பெரிய அதிசயத்தக் காட்டுறப்பத்தான் சொல்லணும். கிறிஸ்துமஸ் நாடகத்துல தேவதூதன் சொல்வாருல்ல?”

“சோறு வெந்துருச்சு பாருன்னு சொல்லலாமா மதினி?”

“சொல்லிப் பாருங்க. சோறே கிடைக்காது.”

டிசைனர் கருப்பசாமியிடம் போய்ச் சொன்னேன். “மயில வரையலாம். பாக்குறத எப்படிண்ணே வரைய?” என்று தலையைச் சொறிந்தவன், கடைசியில் பெரிய கண் ஒன்றை வரைந்தான்.

முதலாளி புரூஃபைப் பார்த்தார். “ஏலே, இது புஸ்வாணமா, கண்ணு சொட்டு மருந்தா? பிள்ளைக பயந்து காய்ச்சல்ல படுத்துரும்லே!”

அடுத்து மூக்குக்கண்ணாடி. “கண்ணாடிக் கடை வைக்கப் போறீகளா?”

அப்புறம் தேவதூதன். கொளுத்திய பிறகு பெட்டியைத் தெருவில் போட்டு மிதிப்பார்கள், பாவம் என்று நானே தடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. “ஆண்டவரே, உம்முடைய தூதர் பேசுகிற வார்த்தை. நீரே வழி காட்டும்” என்று மிஷின் பக்கத்தில் நின்று ஜெபித்தேன்.

மத்தியானம் பக்கத்துக் கம்பெனியில் பாராசூட் வாணம் விட்டுப் பார்த்தார்கள். சின்னக் குடை ஒன்று எங்கள் தெருவுக்கு மேல் ஆடி ஆடி வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்.

“வேலையப் பாக்காம அங்கன என்னலே பாக்கீக?” என்று டீ கிளாஸோடு வந்த முதலாளியும் அண்ணாந்தார். வாய் திறந்தது. டீ அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

கருப்பசாமி மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தான்.

மறுநாள் அவன் காட்டிய புரூஃபில் ஒரு கூட்டம் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றது. நடுவில் டீ கிளாஸோடு முதலாளி. புஸ்வாணமே இல்லை. முதலாளி கையை ஓங்கவும் ஏஜென்ட் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

ஏஜென்ட் படத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி எங்கள் கூரையைப் பார்த்தார்.

“மேல என்னங்க இருக்கு?”

“ஒட்டடை சார்” என்றேன் பயத்தில்.

அவர் சிரித்த சிரிப்பில் முதலாளியின் கை தானாகக் கீழே இறங்கியது. “நானே பார்த்துட்டேனேங்க! இதையே அடிங்க” என்றார். அன்றே மிஷினில் பிளேட் ஏற்றி அடிக்க ஆரம்பித்தோம்.

நான் கற்றது இதுதான். அந்த வார்த்தையைச் சொல்கிறவன் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தேவதூதரும் அப்படித்தான் செய்திருப்பார்.

இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அன்று தெருவுக்கு மேல் வந்தது பாராசூட்தான். எங்கள் சபையில் இரண்டு பேர் இப்போதே அதற்குச் சிறகு வைத்துவிட்டார்கள்.