விண்டரூப்பில் சொன்ன நாலு பெயர்

2009 ஏப்ரல், சித்திரைப் பிறப்பு கழிந்த சனிக்கிழமை. காலை எட்டே காலுக்கு டென்மார்க்கின் ரண்டர்ஸ் ரயில் நிலையத்தில் ஹொல்ஸ்டெப்ரோவுக்குச் சீட்டு எடுத்தேன். போக மட்டும் நூற்று ஐம்பத்திரண்டு குரோனர். லாங்கோவில் ஒருமுறை, ஸ்ட்ரூவரில் ஒருமுறை ரயில் மாற வேண்டும். தூரம் நூற்று முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் வண்டி எல்லாச் சின்ன ஊர்களிலும் நின்று குசலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாது.

வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். என் கணவர் மூன்று மாதமாகக் கணினியை விட்டு எழும்புவதில்லை. சண்டை நடக்கும் வன்னியிலிருந்து வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி முகம் தேடுகிறார். தேடுவது என் தங்கையின் முகத்தை. வதனி, அவள் புருசன் சுதன், இரண்டு பிள்ளைகள். மாசி மாதம் ஒருநாள் இரண்டு நிமிடம் கதைத்தாள். பங்கருக்குள் தண்ணி நிற்குது அக்கா என்றாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"செத்தவீடு மாதிரிக் கிடக்கு வீடு. நீ கொண்டாட்டத்துக்குப் போறாய்" என்றார் இவர்.

"ஆர் செத்தது? பேரைச் சொல்லுங்கோ, நான் போகேல்லை."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கடுகு நிறச் சேலையை உடுத்து, மேலே குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வருசம் எங்கள் சனம் ஒருவரும் வருசப்பிறப்புக் கொண்டாடவில்லை. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமலே எல்லா வீட்டிலும் அடுப்பு சோற்றுக்கு மட்டும் எரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கும் தங்கைக்கு முன்கூட்டியே துக்கம் காப்பதுபோல் இருந்தது.

என்னை அழைத்தவள் ருனுமி. அசாம்காரி. ரண்டர்ஸில் வயோதிபர் இல்லத்தில் மூன்று வருசம் என்னோடு வேலை செய்தவள். கணவன் தீபக்குக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் பொறியாளர் வேலை கிடைத்ததால் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு மாறினாள். எங்களுக்குள் டெனிஷ்தான் பொதுமொழி. அவளும் அவளுடைய ஆட்களும் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன்.

ஒன்பதே முக்கால். ஸ்கீவவில் ஒரு தமிழர் ஏறினார். அறுபது வயது இருக்கும், கையில் வேலைக்கான சாப்பாட்டுப் பெட்டி. தமிழ் முகம் கண்டால் எதிரில் வந்து இருக்காமல் விடமாட்டோமே. இருந்தார். என் குளிர்ச்சட்டைக்குக் கீழே தெரிந்த சேலைக் கரையைப் பார்த்தார்.

"எங்கை, கலியாணமோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. கூட வேலை செய்த பிள்ளை வீட்டிலை வருசப்பிறப்பு. அசாம் ஆக்கள்."

"அசாம் எண்டால் இந்தியா தானே?"

"ஓம்."

இந்தச் சண்டையில் இந்தியாவும் உடந்தை என்று எங்கள் சனம் கொதித்திருந்த நேரம் அது. ஸ்ட்ரூவர் வரை, ஏறக்குறைய அரை மணித்தியாலம், யன்னலுக்கு வெளியே உழுது விட்டிருந்த வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும், "எங்கடை சனத்தின்ரை கதை தெரியுந்தானே உமக்கு" என்றார். தெரியும் அண்ணை, என் கூடப்பிறந்தவள் அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இரங்குவார். அந்த இரக்கத்தை வாங்க எனக்கு மனமில்லை. அடுத்த ரயிலின் மேடையைத் தேடி இறங்கினேன்.

பதினொரு மணி. ஹொல்ஸ்டெப்ரோவில் ஒன்பது பாகை குளிர், அதற்குமேல் காற்று. ருனுமியின் வீடு நிலையத்திலிருந்து நடந்து பன்னிரண்டு நிமிடம். வாசலில் செருப்புகளும் சப்பாத்துகளும் குவிந்து கிடந்தன. அந்த ஊருக்குள் இருக்கும் நாலு அசாம் வீட்டாரும் அங்கேதான் இருந்தார்கள்.

பிகு என்ற அவர்களுடைய பண்டிகை ஒன்றல்ல, மூன்று என்று ருனுமி கை கழுவியபடியே பாடம் எடுத்தாள். இது போகாக் பிகு, நம் சித்திரையோடு வருவது, ஆட்டமும் பாட்டமும். தை மாதத்தில் அறுவடை முடிந்து வருவது மாக் பிகு, விடியற்காலையில் நெருப்பு மூட்டி வயிறு புடைக்கச் சாப்பிடுவது. இடையில் ஐப்பசியில் ஒன்று வரும். அப்போது பத்தாயம் வெறுமையாக இருக்கும், வயலில் ஒரு விளக்கு வைப்பதோடு சரி. அதை ஏழைப் பிகு என்பார்களாம். எங்களுக்கு இந்த வருசம் மூன்றும் அதுதான் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்தினாள்.

முதல்நாள் மாடுகளுக்கு உரியது. குளிப்பாட்டி, மஞ்சளும் உளுந்தும் அரைத்துப் பூசி, சுரைக்காயும் கத்தரிக்காயும் துண்டு போட்டு எறிவார்கள். டென்மார்க்கில் ஏப்ரல் நடுவில் மாடுகள் இன்னும் தொழுவத்துக்குள்தான். ஆகவே ருனுமியின் மகள் பிளாஸ்டிக் பசு ஒன்றைக் குசினித் தொட்டியில் குளிப்பாட்டி மஞ்சள் பூசி யன்னலில் நிறுத்தியிருந்தாள். மஞ்சள் போகவில்லையாம். அந்தப் பசு இனி ஆயுளுக்கும் மஞ்சள்தான்.

சாப்பாடு: அவல், வெல்லம், தயிருக்குப் பதில் கடையில் வாங்கிய யூமர், எள்ளும் வெல்லமும் வைத்துச் சுருட்டிய அரிசிமாப் பிட்டா, தேங்காய் உருண்டை. வெல்லமும் பாக்கும் தமிழ்க்கடையில் வாங்கியது என்று தீபக் எனக்கு நன்றி சொல்வதுபோல் சொன்னான். நான்தான் கடைக்காரி என்று நினைத்தானோ என்னவோ. பிட்டா நன்றாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன். நாலாவதை எடுத்துவிட்டுத் திருப்பித் தட்டில் வைத்தேன். அங்கே பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று அந்த வாரம்தான் கேட்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிய ருனுமி ஒரு துணிக்கட்டை எடுத்து வந்தாள். கமோசா. வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் சிவப்பு நூலில் நெய்த பூக்கரை. பிகுவுக்கு இதைக் கொடுத்துத்தான் மரியாதை செய்வார்கள். என் தோளில் போடக் கையைத் தூக்கியவள் இடையில் நிறுத்திக்கொண்டாள்.

"கோபிக்காதே, கேட்க வேண்டியது முறை. இந்த வருசத்துக்குள் உன் குடும்பத்தில் சாவு ஏதும் உண்டா? இருந்தால் பிகு அந்த வீட்டுக்கு இல்லை. இதையும் கொடுக்கமாட்டோம்."

எங்கள் ஊரிலும் அதே முறைதான். சாவுத் துடக்கு வீட்டுக்குப் பலகாரம் போகாது, அந்த வீட்டுப் பலகாரம் வெளியே வராது. கேள்வி எனக்குப் புதிதல்ல.

"தெரியாது" என்றேன்.

ருனுமி துணியைப் பிடித்தபடியே நின்றாள். தெரியாது என்று சொல்பவளுக்குக் கமோசா போடலாமா கூடாதா என்று அவர்களுடைய முறையிலும் இல்லை போலும். கடைசியில் அதை மடித்து என் கையில் வைத்தாள். போடவில்லை, கொடுத்தாள். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனால் அவளில் பிழை சொல்ல முடியாது.

ஒரு மணிக்கு ஹூசரி தொடங்கியது. கூட்டமாக வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடி அந்த வீட்டை வாழ்த்துவது. ஊரில் நடந்து போவார்களாம். இங்கே மூன்று கார். தோல் என்ற மேளமும், எருமைக்கொம்பில் செய்த பேப்பா என்ற குழலும். அயலவர்களின் தபால் பெட்டிகளில் "மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சத்தமாக இருக்கும், மன்னிக்கவும்" என்று தாள் போட்டிருந்தார்கள். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்னே மேளம் நின்றது. ஒரு டெனிஷ்காரர் மட்டும் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார், பிறகு திரும்ப இயக்கினார்.

மூன்று மணி. கடைசி வீடு விண்டரூப்பில், பதினெட்டு கிலோமீட்டர். அங்கிருந்தே எனக்கு ரயில் இருந்ததால் நானும் காரில் ஏறினேன். வீட்டுக்காரர் பிரணாப். ஐம்பத்தைந்து வயது, தனி ஆள், பாற்பண்ணைத் தொழிற்சாலையில் வேலை. கதவை மேளச் சத்தம் வருமுன்பே திறந்து வைத்திருந்தார். ஆடி முடிந்ததும் வெற்றிலை பாக்கு வைத்த தட்டை நீட்டி முழங்காலில் நின்று அசாமியில் ஏதோ கேட்டார். கூட்டம் ஒரே குரலில் வாழ்த்தியது. இடையில் "மாணிக்" என்ற பெயர் இரண்டுமுறை வந்தது.

பிறகு அவர் எனக்குத் தேநீர் தந்தபோது மாணிக் யார் என்று கேட்டேன்.

"தம்பி. உரம் வாங்கச் சந்தைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்திருந்தது."

"எந்த ராணுவம்?"

"எங்கள் ராணுவம்தான். இந்திய ராணுவம்."

"எனக்கும் அவர்களைத் தெரியும்" என்றேன். "எண்பத்தெட்டில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முனையில் நின்றவர்கள்."

அவர் தலையாட்டினார். இந்தியா என்றதும் முகம் திருப்பிய ஸ்கீவ அண்ணை இதைக் கேட்கப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"எப்போது நடந்தது?"

"பத்தொன்பது வருசம். அம்மா கடைசிவரை காரியம் செய்ய விடவில்லை. அம்மாவுக்குக் காரியம் செய்தேன், அவனுக்கு இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் துக்கம் இல்லை, ஒவ்வொரு வருசமும் கதவைத் திறக்கிறேன். அவனுக்கு நீண்ட ஆயுள் என்று இவர்கள் வாழ்த்துகிறார்கள். முதல் நாலு வருசம் கேட்க நம்பிக்கையாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் பெயரைச் சொல்லாமல் விட்டால் நானே அவனைக் கொன்றதாகிவிடும். அதனால் சொல்லச் சொல்கிறேன்."

ருனுமி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. என் கைப்பையிலிருந்த கமோசாவைத் தானே எடுத்து என் தோளில் போட்டாள். "பெயர்களைச் சொல்லு" என்றாள்.

பிரணாப்பின் கம்பளத்தில், அந்த மனிதர் நின்ற இடத்திலேயே முழங்காலில் நின்றேன். வதனி, சுதன், கயல், நிலவன். மேளக்காரப் பெடியன் நாலையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான். எல்லோரும் நீடூழி வாழ்க என்று வாழ்த்தினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதோடு, சொல்லத்தான் வேண்டும், சந்தோசமாகவும் இருந்தது. இரண்டு மாதமாக அந்த நாலு பெயரையும் சத்தமாகச் சொன்னவர்கள் யாருமில்லை. எங்கள் ஆட்கள் அவர்களைப் பற்றிக் கேட்பதையே விட்டிருந்தார்கள்.

ஐந்தே காலுக்கு விண்டரூப்பில் ரயில். வரும்போது நூற்று முப்பத்தாறு குரோனர். வீட்டுக்கு வந்து கமோசாவைக் கதிரையில் போட்டேன். இவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த படத்தைப் பெரிதாக்கினார்.

அடுத்த மாதம் சண்டை முடிந்தது. டெனிஷ் தொலைக்காட்சி அதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போனது. ஆனியில் வவுனியா முகாமிலிருந்து சுதன் யாரோ ஒருவரின் தொலைபேசியில் கதைத்தார். ஏரியைக் கடக்கும்போது செல் குண்டு விழுந்ததாம், சனம் சிதறியதாம், வதனியையும் பிள்ளைகளையும் அதற்குப் பிறகு காணவில்லையாம். எல்லா முகாமிலும் பெயர் கொடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் இவர் கணினியை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் என் கையைப் பிடித்தார்.

"ஐயரோடை கதைச்சனான். நாள் தெரியாட்டியும் அமாவாசையிலை செய்யலாமாம். செய்து விடுவம். அந்தப் பிள்ளையளின்ரை ஆத்மா அலையக் கூடாது."

"என்ரை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"எத்தினை வருசத்துக்கு இப்பிடியே இருக்கப்போறாய்?" என்று மெல்லக் கேட்டார்.

பத்தொன்பதாவது வருசத்தில் நிற்கும் ஒருவரை நான் விண்டரூப்பில் பார்த்திருந்தேன். அதை இவரிடம் சொல்லவில்லை.