மாட்டு மேல குத்தமில்லீங்க

எங்கள் மயிலை மாடு கத்தக் கூடாது என்று ஒரு வாரம் முழுக்க முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சேவூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் பருத்தியையும் சோளத்தையும் விடவில்லை.

மயிலை அம்மாவின் மாடு. அம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பா, எங்கள் அப்புச்சி, ஓட்டிவிட்ட மாட்டின் மகள். ஒரு கிடாரிக் கன்று ஈன்றதோடு சரி, அப்புறம் சினை நிற்கவில்லை. பருவம் வந்தால் கத்தும். காளைக்கு விடுவார்கள், அடங்கும். மூன்று வாரம் போனால் மறுபடி கத்தும். கத்தினால் எல்லாம் வீண் என்று அர்த்தம். இந்த முறை அவிநாசி மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட்டிருந்தார்கள். இதுவும் நிற்காவிட்டால் தரகரிடம் விட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

அந்த வாரம் பார்த்துப் பல்லடத்திலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அப்பாவை வளர்த்தவள் என்பதால் எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்கு அப்புறம் வீட்டில் இன்னொரு குழந்தை இல்லையே என்று வரும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்காட்டுவாள்.

ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது மயிலை கத்தியது. அத்தை கட்டிலில் இருந்தபடியே, "கேட்டயா தம்பி? மறுக்காவும் கத்துது" என்றாள்.

அம்மா கட்டுத்தறிக்கு ஓடினாள். மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தாள், முதுகைத் தடவினாள், பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். மயிலை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுத் தலையை உதறியது. அப்புறம் சத்தமே இல்லை.

"தண்ணித் தாகமுங்க. பருவக் கத்தல் இல்லீங்க" என்று அம்மா சொன்னாள்.

"நிக்காததைக் கட்டித் தீனி போட்டு என்னாகப் போகுது?" என்றாள் அத்தை. பிறகு அப்பா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டாள். "வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன் தம்பி. நல்ல எடம். அடக்கமானது. நீ ஒத்த வார்த்தை சொல்லு போதும்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். அம்மா காலிக் குடத்தோடு அங்கேயே நின்றாள். எனக்கோ சந்தோஷம். மயிலையும் இருந்து, புது மாடும் வந்தால் எத்தனை நன்றாக இருக்கும்! அடக்கமானது என்றால் முட்டாது. அத்தையிடம் போய், அதற்குக் கொம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "போ கண்ணு, போயி வெளையாடு" என்று விரட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் மயிலை கத்தவில்லை. அத்தை ஊருக்குப் போய்விட்டு, ஆடி நோன்பு முடிந்து திரும்பி வந்தபோதும் கத்தவில்லை. "மலட்டு மாடும் சில சமயம் கம்முன்னுதான் இருக்கும்" என்றாள் அத்தை. மறுநாளே அம்மா மாட்டை அவிழ்த்துக்கொண்டு அவிநாசிக்கு நடந்தாள். நானும் கூடவே போனேன். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

டாக்டர் இளவயதுக்காரர். கைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு மாட்டின் பின்புறம் தோள்வரை கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ தேடினார். அம்மா மயிலையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுருச்சுங்கம்மா" என்றார் டாக்டர்.

அம்மா நம்பவில்லை. முன்னே எல்லாம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "உள்ள கரு நூலாட்டத்தான் இருக்குமுங்க. நான் இருக்கறேன்னு அது தாய்க்கு ஒரு சேதி சொல்லோணும். சேதி கெடைச்சாத்தான் தாயோட ஒடம்பு அடுத்த பருவத்தை நிறுத்தி வெச்சுக் கருவைக் காப்பாத்தும். சில கரு சேதி சொல்றதுக்கு முந்தியே கலைஞ்சு போயிருமுங்க. அப்பத்தான் மறுக்கா கத்தும்."

"அப்ப மாட்டு மேல குத்தமில்லீங்களா?"

"மாட்டு மேல குத்தமில்லீங்க."

அம்மா அதையே இன்னொரு தரம் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அப்பா எங்களுக்குத் தேங்காய் பன்னும் காபியும் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்குத் தன் கையாலேயே டம்ளரை நீட்டினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா கடை வாசலில் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி குடித்தாள்.

வீட்டில் அத்தை கட்டிலில் காத்திருந்தாள். அப்பா சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நேரே அவளிடம் போனார்.

"வேற ஒண்ணும் வேண்டாமுங்கக்கா. எங்களுக்கு இருக்கறது போதும். அந்த எடத்துல சொல்லீருங்க."

அத்தையிடம் அவர் அப்படிப் பேசியதும் அதுதான் முதல்முறை. அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். மறுநாள் காலை பல்லடம் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்குத்தான் ஏமாற்றம். கட்டுத்தறியில் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், அத்தை பார்த்து வைத்த மாடு இனி வராதா, அதையும் மயிலைக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கலாமே என்று அழாத குறையாகக் கேட்டேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மயிலை மிரண்டு பார்க்கிற அளவுக்கு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். ஒரு மாடு வராமல் போனதற்கு இப்படியா சிரிப்பது என்று கோபம் வந்தது எனக்கு. அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை.