சிக்னலில் அணைந்து போகும் கார்

“…அப்ப இவ்வளவு நாளும் இதுக்கு மூச்சடைக்க வச்சது நான்தானா, அன்டன்?” என்று கேட்டாள் என் மனைவி சாந்தி. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கராஜில், பொனட் திறந்து கிடந்த எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் அன்டன் கையில் ஒரு வெள்ளைத் துணி. எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாயைத் துடைத்த துணி அது. அதில் எண்ணெய்க் கறுப்பு இல்லை, மண்ணிறத்தில் ஒரு பிசின். அதன் வாசம் எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்த வாசம். அன்டன் என் முகத்தைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, பழைய கார் ஒன்று அணைந்து அணைந்து போவதெல்லாம் எழுதுகிற சமாசாரமா என்று தோன்றும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கொட்டாஞ்சேனையில் பெண் எடுத்து, கப்பலேறி இங்கேயே தங்கிவிட்டவன். வெள்ளவத்தையில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். “கொழும்பில கார் வாங்கிறது கலியாணம் கட்டின மாதிரி, நல்லதோ கெட்டதோ அதோடதான் சீவியம்” என்பார் பக்கத்துக் கடைக்காரர். நான் கட்டிக்கொண்டது நாலு பேர் ஓட்டிய சின்னக் கார். அதுவும் இந்தியாவில் செய்து கப்பலில் வந்ததுதான். ஓரிடத்து மண் இரண்டு பேரும் என்று முதல் நாள் அதைத் தட்டிக்கொடுத்தேன்.

கார் வாங்கியதே சாந்திக்காக. எங்களுக்கு ஒரே பிள்ளை, கண்ணன். வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பொன்றில் கணக்குப் படிப்பித்தான். ஒரு மழை நாள், வகுப்பு முடித்து மோட்டார் சைக்கிளில் வந்தவன், காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதிச் சிக்னலில் பச்சை விழக் காத்து நின்றிருக்கிறான். பின்னால் வந்த பஸ் நிற்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. அதன் பிறகு சாந்தி பஸ்ஸில் ஏறவில்லை, முச்சக்கர வண்டியைக் கண்டாலே உடம்பு நடுங்கியது. வீட்டில் தனியே இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கார். காலையில் என்னோடு கடைக்கு வருவாள், கல்லாவுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், சாயங்காலம் திரும்புவாள். போகும்போதும் வரும்போதும் அந்தச் சிக்னலைத் தாண்ட வேண்டும். தாண்டுகிறவரை கண்ணை மூடிக்கொள்வாள்.

வாங்கிச் சில மாதங்களில் காருக்கு நோய் கண்டது. ஓடும்போது குதிரை. நிறுத்தினால் போச்சு. எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், அழுகையை விழுங்குகிற ஆள் போல ஒரு குலுக்கு, பிறகு அமைதி. சாவியைத் திருப்பினால் மறுபடி உயிர் வந்துவிடும். முதல் தடவை அது அணைந்தது அந்தச் சிக்னலிலேயேதான். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹோர்ன் சத்தம், எனக்கு வேர்த்துக் கொட்டியது. சாந்தி கண்ணைத் திறந்தாள். டாஷ்போர்ட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

“கண்ணன்தான். அம்மா வாறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அன்று இரவு அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். மறுநாள் புறப்படும் முன் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அந்தச் சிக்னலில் கார் அணையும். அணைந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அவனோடு கதைப்பாள். இன்றைக்குப் பாகற்காய்க் குழம்பு, உனக்குப் பிடிக்காதே. உன் கூட்டாளி கனடாவுக்குப் போகப் போறானாம். ஒருநாள் நான் பதறிச் சட்டென்று சாவியைத் திருப்பினேன். “கொஞ்சம் பொறுங்களேன்,” என்றாள், “பிள்ளை சொல்லி முடிக்கல்ல.”

கொள்ளுப்பிட்டியிலும் அதே கார் அணைந்தது. கடை வாசலில் அணைந்தது. வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதும் அணைந்தது. அவற்றையெல்லாம் அவள் கணக்கில் எடுக்கவில்லை. மனசு தனக்கு வேண்டியதைத்தானே எண்ணும்?

நான் மட்டும் மெக்கானிக் மெக்கானிக்காக அலைந்தேன். ஒருவர் பிளக் மாற்றினார். ஒருவர் பெட்ரோல் பம்பைக் கழற்றினார். ஹெந்தளையில் ஒரு சிங்களப் பாஸ், அதாவது மேஸ்திரி, கம்ப்யூட்டரைக் கொளுவிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் காட்டவில்லை என்றார். பிறகு என் பேச்சைக் கவனித்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே, “இந்தியன் கார் எகக் நே மாத்தயா, எஹெம தமா” என்றார். இந்தியக் கார்தானே, அப்படித்தான் இருக்கும் என்று அர்த்தம். அவர் காரைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. முப்பது வருஷமாக இங்கே நான் இந்தியாக்காரர். ஊருக்குப் போனால் சிலோன்காரர் வந்திருக்கார் என்று நாற்காலி போடுகிறார்கள். விருந்தாளிக்குத்தானே நாற்காலி.

அந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் எனக்கு எண்ணம். தம்பி வீட்டு மாடி சும்மா கிடக்கிறது. இந்த ரோட்டில் தினமும் போய் வருவதற்கு வேறொரு பேர் இருந்தால் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தது தண்டனை என்ற பேர்தான். சாந்தியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “நீங்க வேணுமெண்டா போயிட்டு வாங்க. அவன் அந்தச் சிக்னல்ல நிக்கிறான். தனிய விட்டுட்டு நான் எப்பிடி வாறது?” என்றாள். ஒன்று மட்டும் நினைத்தேன். இந்தக் கார் ஒரே ஒரு தடவை அங்கே அணையாமல் நின்று கிளம்பிவிட்டால், அது வெறும் சிக்னல் என்று அவளுக்கே தெரிந்துவிடும். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

அப்படித்தான் அன்டனிடம் வந்து சேர்ந்தேன். காற்றுப் போகும் வாயைத் திறந்து துடைத்துக் கொடுத்தான். மூன்று வாரம் கார் சொன்னபடி கேட்டது. அந்த மூன்று வாரமும் சாந்தி சரியாகத் தூங்கவில்லை. “பிள்ளைக்கு என்னோட கோவமோ தெரியல்ல” என்று வெள்ளிக்கிழமையில் சாம்பிராணியை இரட்டிப்பாகப் போட்டாள். நாலாவது வாரம் கார் பழையபடி அணைந்தது. அவள் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது.

இரண்டாவது தடவை அன்டனிடம் போனபோது சாந்தியும் கூட வந்தாள். அன்டன் துணியால் துடைத்தான், நிமிர்ந்தான். “அண்ணே, இந்த வண்டி ஒளிச்சு ஒளிச்சு பீடி குடிக்குதா?” என்று சிரித்தான். துணியை மூக்கில் வைத்தவன் சிரிப்பை நிறுத்தினான். “சேர்ச்சில பெரிய பூசைக்கு நிக்கிற மாதிரி மணக்குது. யாராவது இதுக்குச் சாம்பிராணி காட்டுறீங்களா?”

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. வேண்டாம், சொல்லாதே என்று தலையை ஆட்டினேன். அவன் அதை, இல்லை நான் காட்டுவதில்லை என்று எடுத்துக்கொண்டான்.

“அப்ப யாரு?”

“வெள்ளிக்கிழமையில நான் காட்டுவேன்,” என்றாள் சாந்தி.

“பொனட்டைத் திறந்தா?”

“ஓம். உயிர் அங்கதானே இருக்கு.”

“எஞ்சின் ஓடேக்கயா அக்கா?”

“ஓடுற வண்டிக்குத்தானே பூசை. நிக்கிற வண்டிக்கு என்ன பூசை?”

அது அவளுடைய அப்பா சொல். புறக்கோட்டையில் லொறி வைத்திருந்த மனிதர், எஞ்சினை முழக்கிவிட்டுத்தான் தேங்காய் உடைப்பாராம். மகளும் அதே முறையை விடவில்லை. தணல் நிறைந்த தூபக்காலை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து, கண்ணனைக் குளிப்பாட்டிய காலத்தில் அவன் தலைமயிருக்குப் பிடித்தது போல நின்று நிதானமாகக் காட்டுவாள். சாம்பிராணியோ நான் ஊரிலிருந்து வரவழைக்கிற கட்டிச் சாம்பிராணி. போட்டால் தெருவே மணக்கும்.

அன்டன் காற்றுப் பெட்டியின் மூடியை விரலால் தூக்கிக் காட்டினான். “இந்தா, கிளிப் உடைஞ்சு மூடி வாயைப் பிளந்து நிக்குது. நீங்க காட்டுற புகையை இதுக்குள்ளால அப்பிடியே இழுத்துக்கும். உள்ள போய்ப் பிசினாப் படிஞ்சா, சும்மா நிக்கைக்க இதுக்குக் காத்துக் காணாது. மூச்சடைச்சு நிண்டுரும்.”

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அன்டனுக்குக் கண்ணன் போனது தெரியும், அந்தச் சிக்னலில் கண்ணனும் தாயும் கதைப்பது தெரியாது. “ஐயோ அக்கா, அதுக்கு ஏன் முகம் வாடுறீங்க? இனி பொனட்டை மூடி வச்சுக் காட்டுங்க, சாமி கோவிக்க மாட்டாரு,” என்றான். புதுக் கிளிப் போட்டான். வாயைச் சுத்தமாகக் கழுவினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீராக, தறி ஓடுவது போல ஓடியது. “எந்தச் சிக்னல்லயும் போட்டுப் பாருங்க அண்ணே. இனி நிக்காது. நான் கேரண்டி.” நல்ல மனசோடு சொன்ன சொல். அதைவிடக் கொடுமையான ஒரு சொல்லை என் மனைவியிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

சாந்தி காரில் ஏறினாள். கடை திறக்க நேரமாகியிருந்தது. துறைமுகத்தைச் சுற்றி, கொள்ளுப்பிட்டி தாண்டி, வெள்ளவத்தை வரை அவள் இருந்த இருப்பு மாறவில்லை. வழியில் இரண்டு சிக்னலில் நின்றோம். கார் அணையவில்லை. நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

அந்தச் சிக்னலில் சிவப்பு. நிறுத்தினேன். இடது பக்கம் ஒரு பஸ், முன்னால் பழம் ஏற்றிய வேன். எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. சாந்தி குனிந்து காதைக் கொடுத்தாள். அந்தக் குலுக்கத்துக்காகக் காத்திருந்தாள். டாஷ்போர்ட்டில் வைத்த அவள் உள்ளங்கையில் கூட அசைவில்லை. பாகற்காயும் இல்லை, கனடாவும் இல்லை. அவளுடைய உதடு மட்டும் ஒரு தடவை பிரிந்து மூடியது. பச்சை விழுந்தது. முன்னால் நின்ற வேன் நகர்ந்தது, பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். நான் கியரைப் போட்டு, கிளச்சை மெதுவாக விடத் தொடங்கினேன். சாந்தி என் மடிக்கு மேலாகச் சாய்ந்து, கையை நீட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள்.