சத்து மாத்திரையை மட்டும் நான் சந்தேகப்படவில்லை

முதலில் என் கையை விட்டு நழுவியது முத்திரை போடும் இடுக்கி. நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடை. தராசின் கம்பியில் ஈய வில்லையைக் கோத்து இடுக்கியால் அழுத்தினால் அரசு முத்திரை பதியும். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலை. அன்று காலை விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. இடுக்கி கல்லாப்பெட்டியின் மேல் விழுந்தது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியதாக எனக்குப் பட்டது.

எனக்கு அப்படித்தான் படும். எடையும் அளவும் சரியா என்று கடை கடையாகப் போய்ச் சோதிக்கும் அரசு ஊழியை நான். தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா, பொட்டலத்தில் தயாரிப்பு மாதம் இருக்கிறதா, நிகர எடை அச்சாகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குத்தான் சம்பளம். சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு கடையில் கண்டதை அடுத்த கடையில் சொல்வதும் இல்லை. இந்தப் பழக்கம்தான் பின்னால் என்னைப் படுக்கையில் தள்ளியது. உங்களுக்கும் கை கால் மூட்டெல்லாம் வீங்கி, மேசை நிறைய மாத்திரை சேர்ந்திருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

அது கார்த்திகை மாதம். மழைக்குளிர் என்று நினைத்தேன். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் கை எனக்குச் சொந்தமில்லை. பல் தேய்க்கும் பசையின் மூடியை என் கணவர் கணேசன் திறந்து தர வேண்டியிருந்தது. அவருக்கு உப்பளம் பகுதியில் சைக்கிள் உதிரிபாகக் கடை. துருப்பிடித்த நட்டுக்குப் போடும் எண்ணெயை என் விரலுக்கும் போடட்டுமா என்று கேலி செய்தார். மணிக்கட்டு இரண்டும் ஒரேபோல வீங்கியதும் கேலி நின்றது.

பெரிய மருத்துவமனையில் மூட்டு நோய் மருத்துவர் ஒரு பெண். ரத்தம் எடுத்தார்கள். வந்த பதில் முடக்கு வாதம் (உடம்பின் காவல் சக்தி தன் மூட்டுகளையே அந்நியம் என்று எண்ணித் தாக்கும் நோய்). சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இதையும் அடக்கித்தான் வைக்க வேண்டும், அடக்காமல் விட்டால் எலும்பை அரித்து விரலைக் கோணலாக்கும் என்றார். நான் கேட்டது ஒன்றுதான். இடுக்கி பிடிக்க முடியுமா? “மருந்த ஒழுங்கா எடுத்தீங்கன்னா முடியும்” என்றார்.

எழுதிக் கொடுத்தவை: மெத்தோட்ரெக்சேட் (காவல் சக்தியின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை) வாரத்தில் ஒரே ஒரு நாள், அதன் பக்க விளைவைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம், சில வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஸ்டீராய்டு. வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்ததால் பாலில் கலக்கும் பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரம். மாத்திரைக்குச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அசதி வந்தால் ஞாயிறு படுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைக்குள் மடித்திருந்த தாளைப் படித்தேன். புற்றுநோய்க்கும் அதே மருந்து என்று இருந்தது. அன்றிலிருந்து அதன் மேல் எனக்கு ஒரு கண். மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. சாப்பிட்டேன்தான், ஆனால் நம்பாமல் சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு என் நாத்தனார் விமலா அண்ணி பிரான்சிலிருந்து வந்தார். சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள்) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடமாக அங்கே இருப்பவர். என் கையைப் பார்த்துக் கண்கலங்கி, பெட்டியிலிருந்து ஒரு பை நிறைய அம்பூல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு முனையையும் உடைத்துக் குடிக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், முப்பதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டில் ஆளுக்காள் எழுதிக் கொடுத்து மிஞ்சியவை. அங்கே எல்லாரும் குடிப்பார்கள், எலும்புக்கு நல்லது என்றார். எப்போது குடிப்பது என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. உறையெல்லாம் பிரெஞ்சில் இருந்தது. என் கணவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ழூர், மெர்சியோடு சரி. இங்கே கொடுத்த பொடி வாரம் ஒன்று, ஆகவே இதுவும் வாரம் ஒன்று என்று நானே முடிவு செய்தேன்.

தெருமுனை மருந்தை நூறு கேள்வி கேட்கிறவள் பிரான்ஸ் என்றதும் வாயடைத்துப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இது புதிதில்லை. அங்கிருந்து வருகிற சென்ட்டும் சாக்லெட்டும் தைலமும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை.

ஆனாலும் சும்மா குடிக்கவில்லை. சோதித்துவிட்டுத்தான் குடித்தேன். தயாரித்த இடம் இருந்தது. கெடு தேதி இருந்தது. எத்தனை மில்லி என்று இருந்தது. சட்டப்படி ஒரு பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டியதெல்லாம் இருந்தது. திருப்தியாக இருந்தது.

மாசியில், மருத்துவமனைக்காரர்களையும் சோதித்துப் பார்க்கலாம் என்று எங்கள் தெரு கிளினிக்குக்குப் போனேன். முதியவர், கைராசிக்காரர் என்று பெயர். அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பெரிய மருத்துவமனையைப் பற்றி மூச்சு விடவில்லை. சத்து ஊசி என்று ஒன்று போட்டார், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. எட்டு வாரம் முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டிப் பொடியையும் வாங்கிக்கொண்டிருந்தேன். மருந்துக் கடையில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அங்கேயும் நான் சந்தேகப்படவில்லை.

ஆக மூன்று இடம், மூன்று கை. ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. என் தொழில் தர்மப்படி நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

பங்குனி கடைசியில் விரல்கள் மடங்கின. முழு முஷ்டி. அடுப்படியில் நின்று அழுதேன். மெத்தோட்ரெக்சேட் வேலை காட்ட மூன்று நான்கு மாதம் ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தால் சரியாக அந்தக் காலம்தான். நானோ புகழ் முழுவதையும் அம்பூலுக்குக் கொடுத்தேன். சத்துக் குறைவுதான் நோய், சத்து ஏறியது, நோய் போயிற்று. இவ்வளவு எளிமையான விஷயத்தை மருத்துவமனைக்காரர்கள் ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

வைகாசியில் தாகம் ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தும் நாக்கு ஒட்டியது. ஒரு மணிக்கு ஒரு தரம் கழிப்பறை. மலச்சிக்கல், குமட்டல், சோற்றைக் கண்டால் வெறுப்பு. கணவர் சர்க்கரை என்று பயந்தார். பார்த்தோம், இல்லை. எனக்குக் குற்றவாளி யார் என்பதில் குழப்பமே இல்லை. வாரம் ஒரு நாள் விழுங்குகிற அந்தப் புற்றுநோய் மாத்திரைதான்.

நிறுத்தினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. “டாக்டரக் கேக்காம நிறுத்தாத கலா” என்று கணவர் இரண்டு தரம் சொன்னார். அவரையும் அவர்கள் ஆள் என்று முடிவு கட்டினேன். உடம்பு தேற வேண்டுமே என்று அம்பூலை மட்டும் விடாமல் குடித்தேன்.

ஆடி வந்தது. வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்கு முந்திய நாள் தற்காலிகக் கடைகளுக்குச் சோதனைக்குப் போனோம். மணிக்கட்டு மறுபடி வீங்கியிருந்தது. தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. இனிப்புக் கடை ஒன்றில் நடுவயதுப் பெண் ஒருத்தி தராசை முன்னால் தள்ளினாள். ஒரு கிலோ படிக்கல்லை வைத்தேன். எண்கள் ஓடி நின்றன. பார்த்தேன். பார்த்தது மனதில் பதியவில்லை. ஈய வில்லையைக் கோத்து இடுக்கியை எடுத்தேன்.

“மேடம், நாப்பது கிராம் கூட காட்டுதே. இதுக்கா சீல் போடுறீங்க?” என்றாள். வாடகைத் தராசு, கோளாறு என்று தெரிந்து எங்களிடம் சொல்லத்தான் காத்திருந்தாளாம்.

பதினெட்டு வருடத்தில் தப்புத் தராசுக்கு நான் முத்திரை போட்டதில்லை. எதிரில் இருப்பவர் திருடர் என்று நினைத்து வேலை செய்தவளை ஒரு கடைக்காரி தடுத்து நிறுத்தினாள். வெட்கத்தில் உடம்பு கூசியது. ஏதோ சொல்ல வாயெடுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவிருப்பது மருத்துவமனை நடைவழியின் கூரை.

ரத்தத்தில் கால்சியம் எல்லை மீறியிருந்தது. சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். மருத்துவர் கட்டிலருகே வந்து என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அவர் எழுதியதை மட்டும் சொன்னேன். அதுவும் பொய். அவர் என்னை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். வீட்டில் இருப்பது எல்லாவற்றையும், மருந்து என்று நினைக்காததையும் எடுத்துவரச் சொன்னார்.

கணவர் பிஸ்கட் டின்னோடு வந்து கட்டில் மேல் கொட்டினார். பொடி உறைகள், உடைத்த அம்பூல்கள், கிளினிக் ஊசியின் வெற்றுப் பெட்டி, பெட்டிக்கடையில் யாரோ சொல்லி வாங்கிய கால்சியம் மாத்திரை. மருத்துவர் ஒவ்வொன்றாகத் திருப்பி, ஊசி, பொடி, அம்பூல் மூன்றையும் ஒரு வரிசையில் வைத்தார்.

“இது மூணும் ஒண்ணுதாம்மா. மூணுமே வைட்டமின் டி. நான் குறைய நிரப்பத்தான் குடுத்தேன். நீங்க நிரம்பின பிறகும் ஊத்திக்கிட்டே இருந்திருக்கீங்க.”

உறைகளை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே நீளமான பெயர், கோலிகால்சிஃபெரால். பிரெஞ்சு எழுத்திலும் அடையாளம் தெரிகிற அளவுக்கு அதேதான். தயாரித்த இடம் பார்த்தேன், தேதி பார்த்தேன், அளவு பார்த்தேன். உள்ளே இருப்பது என்ன என்ற வரியை மூன்றிலும் படிக்கவில்லை. எங்கள் வேலையில் அது வேண்டியதில்லை. பருப்பு என்று எழுதியிருந்தால் பருப்புதான்.

அளவு என்று போட்டிருந்ததும் கிராம் கணக்கு இல்லை. ‘அலகு’ (வைட்டமினின் செயல்திறனை அளக்கும் கணக்கு) என்று இருந்தது. பின்னால் சுழிகள் நீண்டன. அளவுக்காரியான நான் அந்த அலகு என்ன என்று ஒருவரையும் கேட்டதில்லை. அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழியை என் கணவர் சொல்ல வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்.

விமலா அண்ணியிடம் அவர்தான் தொலைபேசியில் சொன்னார். அண்ணி என்னிடம் பேச வேண்டும் என்றார். “அது குளுரு காலத்துக்கு ஒண்ணு குடிக்கிறதும்மா. மூணு மாசத்துக்கு ஒண்ணு. வாரா வாரமா குடிச்ச?” என்று கேட்டுவிட்டு அழுதார். நல்லெண்ணத்தில் கொடுத்த மனுஷி. நான்தான் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மருத்துவர் சொன்னதை உங்களுக்காக எழுதுகிறேன். பி, சி போன்றவை மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, கொழுப்பில் தங்கிவிடும். குடிப்பதை நிறுத்தினாலும் உடம்பு அதை மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். குறைவு இருந்தால் நிரப்பத்தான் வேண்டும், அது எலும்புக்கு அவசியம். ஆனால் அது முடக்கு வாதத்தின் மருந்துக்கு மாற்று இல்லை. இதையெல்லாம் கேட்டபோதும், மருந்துக் கம்பெனிக்காகப் பேசுகிறாரோ என்று ஒரு ஓரத்தில் தோன்றியது. பிறவிக் குணம் லேசில் போகாது. அதனால் இந்தத் தடவை முகத்துக்கு நேராகவே கேட்டேன். சிரித்துவிட்டு, என் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது, முழுதாக இல்லை. அது தேறுகிற வரை மெத்தோட்ரெக்சேட் தர முடியாது என்றார்கள். என் தவறுக்கு அதுதான் தண்டனை. அந்த ஏழு வாரங்களில் வலது கை மோதிரவிரல் சற்றுக் கோணியது. அது இனி நிமிராது. ஆடியில் நிறுத்திய வைட்டமின் கார்த்திகையிலும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தது. தை மாதத்தில் என்றோ குடித்த அம்பூல், மழைக்காலத்தில் என் உடம்பில் குடியிருந்தது. எந்த நாளில் செய்தது எந்த நாளில் வந்து நிற்கும் என்று இப்போது என்னால் சொல்ல முடிவதில்லை.

சனிக்கிழமை மாத்திரை மறுபடி தொடங்கியது, குறைந்த அளவில். காலையில் கண் விழித்ததும் முதலில் கையை மூடிப் பார்க்கிறேன். பாதி மூடினால் ஒரு மாதிரி நாள், முழுதும் மூடினால் வேறு மாதிரி நாள். காலண்டரைப் பிறகுதான் பார்ப்பது. எந்த மருத்துவரிடம் போனாலும் பிஸ்கட் டின் கூடவே வருகிறது.

இந்த ஆடியில் வீராம்பட்டினத்துக்குப் போனேன். அதே பெண், அதே இடம், வேறு தராசு. படிக்கல்லை வைத்தேன். சரியாக ஒரு கிலோ. ஈய வில்லையைக் கோத்து, கோணல் விரலை ஒதுக்கி, இடுக்கியைப் பிடித்தேன்.

“நல்லாப் பாத்துட்டீங்களா மேடம்?” என்றாள்.

போன வருடமாக இருந்தால் அந்தக் கேள்விக்காகவே கடையைக் குடைந்திருப்பேன். எங்கள் படிக்கற்களுக்கும் சோதனை உண்டு என்பது வெளியே பலருக்குத் தெரியாது. தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கெடு வைத்து அவற்றை மேலிட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். எனக்கும் ரத்தப் பரிசோதனைக்கு மூன்று மாதக் கெடு. அடுத்தது வரும் திங்கட்கிழமை.

இடுக்கியைக் கீழே வைத்தேன். படிக்கல்லை மறுபடி தட்டில் வைத்து, எண்கள் தெரியும்படி தராசை அவள் பக்கம் திருப்பினேன்.

“நீயும் படிச்சு சொல்லும்மா” என்றேன்.