மூணு தடவை அக்கா

சேமித்தாகிவிட்டது. இனி எஃப்-5 விசை: ஒன்று, இரண்டு, மூன்று. "ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு சந்தேகத்துக்கு" என்பார் அக்கா, கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வார்.

எங்கள் மாடி அறையில் இணையப் பக்கங்கள் செய்யும் மூவரில் அவர்தான் மூத்தவர். பெயர் இருந்தும் எங்களுக்கு 'மூணு தடவை அக்கா'. செய்த மாற்றத்தைத் திரைக்குக் கொண்டுவரும் அந்த விசையில் எழுத்தெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. வீட்டைப் பூட்டினாலும் மூன்று இழுப்பு. "பூட்டு பாவம், விட்டுடும்மா" என்று கணவர் படியில் நின்று கெஞ்சுவாராம். பக்கத்து நாற்காலியில் அந்த டக் டக் டக் கேட்காவிட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

போன மாதம் அதுவே வினையானது. தன் மருத்துவமனைக்குப் பக்கம் செய்யச் சொல்லி வந்த ஒரு பல் மருத்துவர் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டக் டக் டக். "உங்களுக்கே நம்பிக்கை இல்லையேம்மா" என்று எழுந்து போனவர், வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை.

இந்த வாரம் நீச்சல் பள்ளிக்காரர் வருவதாக இருந்தது. இவரையும் கோட்டைவிட்டால் முதலாளி இனி அக்காவை வாடிக்கையாளர் முன் உட்காரவிட மாட்டார். ஆகவே அக்கா, சேமித்ததும் பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இறங்கினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேரமாகியும் பக்கம் அசையவில்லை. "எனக்குன்னா மட்டும் எதுவும் வேலை செய்யாது!" எட்டிப் பார்த்தேன். கட்டளை காட்டும் முகவரியில் திறந்தால்தான் பக்கம் தானே மாறும்; அக்காவோ பழைய பழக்கத்தில் கோப்பையே நேராகச் சொடுக்கித் திறந்து வைத்திருந்தார். முகவரியை மாற்றினோம். ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தார். பக்கம் தானே மாறியது.

"ஐயோ, யாரு தொட்டா?" என்று நாற்காலியோடு பின்னால் போனார்.

வாடிக்கையாளர் வர ஐந்து நிமிடம் இருக்கையில், அந்த விசையை நகத்தால் நெம்பி எடுத்து என்னிடம் கொடுத்தார். "இத நீங்க வெச்சுக்குங்க. நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

வந்தவர் மாதிரிப் பக்கத்தின் நீலத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொன்னார். அக்கா மாற்றிச் சேமித்தார். விரல் காலிக் குழிவரை போய்த் திரும்பியது. அதற்குள் திரை முழுக்க அடர்நீலம்.

"அட, சொல்லி வாய மூடல, மாறிடுச்சே!"

அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைப்பு, படம், கட்டணப் பட்டியல் என்று வரிசையாக மாற்றச் சொல்லி வேடிக்கை பார்த்தவர், "நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்று கிளம்பினார்.

காலடிச் சத்தம் கடைசிப் படி இறங்கி அடங்கியது. அக்கா கெஞ்சவில்லை. வாசலைப் பார்த்தபடியே என் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். விசையை வைத்தேன். அதன் இடத்தில் பொருத்திவிட்டு அழுத்தினார்: ஒன்று, இரண்டு, மூன்று.