நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

என் மகளின் உயரத்தைப் பற்றி எட்டு மாதம் பொய் சொன்னேன். மாதத்தின் முதல் வாரத்தில், காலை பத்து மணிக்குமேல், நான் தொழிற்சாலையில் இருக்கும்போது அந்தப் போன் வரும். மகள் நடித்த தொலைக்காட்சித் தொடரின் உதவி இயக்குநர் பேசுவார். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது அந்தப் பெண்ணுக்கு. தெலுங்கில் நலம் விசாரித்துவிட்டு, "சார், ஈ நெல ஹைட் எந்த?" என்பார், இந்த மாதம் உயரம் எவ்வளவு என்று. நான் ஒரு எண்ணைச் சொல்வேன், எழுதிக்கொள்வார். நான் வேலை பார்ப்பது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். ஒரு கருவி மயிரிழை தவறிக் காட்டினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவைக்கிற வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிற மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அந்தப் பொய்களைச் சொன்னேன்.

மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஏ.எஸ்.ராவ் நகரில் அவள் படித்த பள்ளிக்கு நடிக்கக் குழந்தை தேடி வந்தார்கள். தெலுங்கில் ஒன்பது பாகமாக வந்த ஒரு மாயக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவிலேயே அந்தப் புத்தகங்களை அட்டை கிழியப் படித்தவர்கள் இருந்தார்கள். மூடுபனி ஒரு நாட்டையே விழுங்கிவிடுகிறது. மிஞ்சியது எட்டு வயது இளவரசி ஒருத்தி. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கிழட்டுப் படைவீரன் மலைமலையாகக் கடந்து போகிறான். ஒன்பது பாகமும் சேர்ந்து அந்தக் கதையில் நடப்பது ஒரே ஒரு குளிர்காலம்.

என் மகள் வயதுக்குச் சிறிய உருவம். வகுப்பில் எப்போதும் முதல் வரிசை. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் சந்திப்பிலேயே, அந்த ஒன்பது பாகங்களையும் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருந்த அம்மாள் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார். தலை நரைத்தவர், மெதுவாகப் பேசுபவர். சென்னையில் படித்ததால் தமிழ் தெரியும்.

"புஸ்தகத்துல இருக்கிற குழந்தை வளராது. நமக்கு அந்த வசதி கிடையாது. அதனால மூணு சீசனையும் ஒரே மூச்சுல எடுத்துடலாம்னு பாக்கறோம். நூத்தி முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அதுக்குமேல போனா படைவீரனா நடிக்கறவரால தோள்ல தூக்க முடியாது, பாக்கறவங்களும் நம்ப மாட்டாங்க. அப்ப வேற குழந்தையத்தான் தேடணும். இப்பவே சொல்லிடறேன்."

நாங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினோம். அன்றைக்கு அவள் நூற்று இருபத்தாறுதான்.

ஒரே மூச்சில் எடுக்க முடியவில்லை. முதல் சீசன் முடியும் காட்சியில், படைவீரன் ஒரு கோட்டையின் கதவைத் தட்டுகிறான், இளவரசி அவன் தோளில் இருக்கிறாள். இரண்டாவது சீசனின் முதல் காட்சியில் அந்தக் கதவு திறக்கிறது. கதையில் அது ஒரு மூச்சு விடும் நேரம். எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மூடுபனியைக் கணினியில் வரைந்து முடிக்கவே ஒரு வருடம் போயிற்று. பிறகு படைவீரனாக நடித்தவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை.

இதற்கிடையில் முதல் சீசன் வெளியாகி, எங்கே போனாலும் அவளை இளவரசி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். காய்கறிக் கடையில், பஸ்ஸில், அவளுடைய பள்ளி வாசலில். பக்கத்தில் நிற்கும் என்னையும் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பணத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் அது உண்மை இல்லை. ஐம்பது வயதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஆள் நான். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பதினொன்றாவது வயதில் அவள் வளர ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவோரம் நிறுத்தி அளப்பேன். நூற்று முப்பத்தேழு. அடுத்த மாதம் நூற்று முப்பத்தெட்டரை. அந்த மாதம் போன் வந்தபோது, "நூத்தி முப்பத்தேழு" என்றேன். ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்றிருந்தது. அதற்கடுத்த மாதம் நூற்று நாற்பது. அப்போதும் நூற்று முப்பத்தேழு என்றேன். அதன்பின் உண்மையைச் சொல்லப் போனால் பழைய பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

என் மனைவி போலாரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஆறே முக்காலுக்கே கிளம்பிவிடுவாள். காலைச் சாப்பாடு என் பொறுப்பு. பாலும் முட்டையும்தான் பிள்ளைகளை உயரமாக இழுத்துவிடுகின்றன என்று யாரோ சொன்னது மனதில் கிடந்தது. முதலில் முட்டையை நிறுத்தினேன்.

"டாடி, எக் ஏதி?" என்று முட்டையைத் தேடிக் கேட்டாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பதில் சொல்வாள்.

"தீந்துபோச்சு தாயி. சாயந்தரம் வாங்குதேன்."

மூன்று நாள் அதே பதில். நான்காம் நாள் அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, தட்டில் இருந்த இரண்டு இட்லியில் ஒன்றை எடுத்துத் திரும்பவும் பாத்திரத்தில் வைத்தாள். அன்று நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பிறகு கயிறு தாண்டுவதை விட்டாள். நீச்சலுக்கு நான் அனுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் எனக்கு முன்னால் நடந்துபோனாள். கீழ்வீட்டு அம்மா எதிரே வந்து அவளை நிறுத்தி, "கைக்கு பேட்டா, ஐசா ஜுக்கே சல்ரீ?" என்று கேட்டார். ஏன் குழந்தை இப்படிக் குனிந்து நடக்கிறாய், முதுகு வலிக்கிறதா என்று. அப்போதுதான் நான் கவனித்தேன். தோளைக் குறுக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து நடந்துகொண்டிருந்தாள். அப்படி நடப்பது பழகிப்போயிருந்தது. சட்டென்று செய்தது இல்லை, நாள்கணக்காகச் செய்து பார்த்தது.

உடை அளவு பார்க்க வரச்சொல்லி நாள் குறித்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு மனைவி பள்ளியிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டாள். கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை.

"அவ கிளாஸ் டீச்சர் போன் பண்ணாங்க. மூணு வாரமா டிபன் பாக்ஸ அப்படியே குப்பையில தட்டுதாளாம். நேத்து பிரேயர்ல தலை சுத்தி உக்காந்துட்டாளாம். ஏன்னு கேட்டா, வளந்தா அப்பாவுக்குக் கஷ்டம்னு சொல்லியிருக்கா. நீங்க அவகிட்ட என்ன சொன்னிய?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம இது எப்படி அவளுக்குத் தெரியும்?"

முட்டையைப் பற்றிச் சொன்னேன். போனில் சொன்ன எண்களையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. மகளின் அறைக்குப் போய் அவளைக் கூட்டிவந்து, கதவோரம் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, டேப்பை என் கையில் கொடுத்தாள். நூற்று நாற்பத்தேழு.

"நாளைக்கே போன் போட்டுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"நக்கோ!" என்றாள் மகள். வேண்டாம் என்று அவள் இரண்டு கையாலும் டேப்பைப் பிடித்துக்கொண்டாள். "மம்மி, ப்ளீஸ். ஐ கேன் பெண்ட். நோபடி வில் நோ."

மனைவி என்னையே பார்த்தாள். "எந்தப் பிள்ளையாவது இப்படிக் கெஞ்சுமா? நான் சொல்லிரலாம். ஆனா பொய் சொன்னது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் நான் போன் போடவில்லை. மூன்று தடவை எண்ணை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அளவு பார்க்கும் நாளில் மனைவிக்குத் தேர்வு வேலை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். அமீர்பேட்டில் மெட்ரோ மாறும்போது, முதுகில் பை மாட்டிய கோச்சிங் மாணவர்கள் எங்களை நெருக்கித் தள்ளினார்கள். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அவள் முகம்கூடத் தெரிந்திருக்காது. அங்கேயும் முழங்காலை மடித்துக்கொண்டுதான் நின்றாள். "நிமிந்து நில்லு தாயி," என்றேன். நிமிரவில்லை.

அலுவலகம் ஒரு பெரிய வீட்டின் மாடியில் இருந்தது. இயக்குநர், திரைக்கதை எழுதும் அம்மாள், உதவி இயக்குநர், உடை தைப்பவர், படைவீரனாக நடிப்பவர் எல்லோரும் இருந்தார்கள். மகள் உள்ளே போய் இளவரசியின் கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் சீசனில் தரையைத் தொட்ட அங்கி, இப்போது கெண்டைக்காலோடு நின்றது. அதற்குள்ளே முழங்காலை மடித்திருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

உதவி இயக்குநர் தன் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "துணி சுருங்கியிருக்குமோ?" என்று உடை தைப்பவரிடம் கேட்டார்.

நடிகர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற சந்தோஷம் அவருக்கு. "ரா தல்லி," வாம்மா என்று கூப்பிட்டு, பழையபடி ஒரு காலை ஊன்றி உட்கார்ந்து தோளைத் தட்டிக் காட்டினார். நோட்டில் இருந்த அளவை வைத்து, தூக்கலாம் என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தாராம். அவள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவர் தோளில் ஏறினாள். அவர் எழுந்தார். பாதி எழும்போதே முகம் மாறியது. ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். அறுவைச் சிகிச்சை செய்த கால் நடுங்கியதை நான் பார்த்தேன்.

"தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இறக்கினேன். அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

"நான் சொன்ன கணக்கெல்லாம் பொய்," என்றேன். எந்த மொழியில் பேசுகிறேன் என்றே தெரியவில்லை. தமிழில்தான் சொல்லியிருக்கிறேன். "நூத்தி நாப்பத்தேழு. எட்டு மாசமா பொய் சொல்லிட்டேன். பிள்ளை மேல தப்பு இல்ல."

திரைக்கதை அம்மாள் அதைத் தெலுங்கில் மற்றவர்களுக்குச் சொன்னார். உதவி இயக்குநர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். என்னை நம்பி எழுதிய பெண். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடிகர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என் மகள் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள், அங்கிக்குள் முழங்கால் மடிந்தபடியே. திரைக்கதை அம்மாள் எழுந்துபோய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"போதும்மா. காலை நீட்டு," என்றார்.

அவள் காலை நீட்டினாள். அவ்வளவு உயரமா என்று நானே திகைத்தேன். அப்படியே நின்று அழுதாள், சத்தம் இல்லாமல்.

ஒரு வாரத்தில் வேறு குழந்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எங்களிடம் மரியாதையாகவே சொன்னார்கள். மகளைக் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ரத்தம் குறைவாக இருக்கிறது, சரியாகிவிடும் என்றார். மருத்துவர் காரணம் கேட்டபோது மனைவி என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மாதக்கணக்கில் என் மகள் நான் பரிமாறினால் சாப்பிட மாட்டாள். கோபம் ஒன்றும் காட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விடுவாள். நான் குறுக்கே போகவில்லை.

இரண்டாவது சீசன் வந்தபோது வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிறு மதியம் அவளே போட்டாள். கதவு திறந்தது. தோளில் வேறொரு சின்னப் பெண். நானும் மனைவியும் இவளையே பார்த்தோம். முழுதும் பார்த்தாள். முடிந்ததும், "பாகா சேசிந்தி," என்றாள். நன்றாகச் செய்திருக்கிறாள் என்று. பிறகு என் பக்கம் திரும்பி, எப்போதும் இல்லாமல் தமிழில் கேட்டாள்:

"அந்தப் பொண்ணும் வளருமில்ல? அதோட டாடிகிட்ட யாராவது சொல்லியிருப்பாங்களா?"

மறுநாள் உதவி இயக்குநருக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் குழந்தையின் வீட்டாரிடம் நான் ஒரு நிமிடம் பேச முடியுமா என்றேன்.

"அவசரம் லேது சார்," என்றார், தேவையில்லை என்று. இப்போது மாதாமாதம் அளப்பதே இல்லையாம். மூன்றாவது சீசனில் கதை நான்கு வருடம் தள்ளிப் போகிறது, இளவரசி வளர்ந்து தானே நடக்கிறாள், படைவீரன் பின்னால் வருகிறான். எங்கள் விஷயம் நடந்த மறுவாரமே திரைக்கதை அம்மாள் மூலக்கதை எழுதியவரிடம் போய், ஒரு குளிர்காலத்தை நான்கு குளிர்காலமாக்க அனுமதி வாங்கிவிட்டாராம். சண்டை போட்டுத்தான் வாங்கினாராம்.

சாயந்தரம் அதை மகளிடம் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, புத்தகத்திலிருந்து நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்காக முன்னாடியே இதச் செஞ்சிருக்கலாம்," என்றாள்.

"ஆமா தாயி," என்றேன்.

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்து, காலை மடக்கி எனக்குக் கட்டிலில் இடம் விட்டாள்.